சுவிட்ச்போட்டுக்குப் போட்ட சட்டங்கள்

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் பக்கத்துக் கூரைகளைக் கொண்டுபோன பிறகு, கல்முனையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தகரம் தேவைப்பட்டது. தகரம் விற்றவர்கள் அதற்காகச் சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்பட்டால் பார்க்க நன்றாக இருக்காது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு விற்றார்கள். நான் பிறகு வேலை பார்த்த கடையின் முதலாளியும் அப்படித்தான் விற்றார். அவருடைய மில்லின் கூரையும் போயிருந்ததால் அவருடைய துக்கத்தில் பாதி உண்மை.

அவருக்கு மெயின் வீதியில் ஹாட்வெயார் கடை, அதன் பின்னால் உர ஸ்டோர், அதற்கும் பின்னால் நெல் மில். தம்பியோடு கூட்டு. மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு டெலிபோன், கடையின் காசு லாச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. மில்லில் இருக்கிற ஆளுக்குக் கோல் வந்தால் யாராவது ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். அவர் தவிட்டைத் தட்டிக்கொண்டு வந்து சேருவதற்குள் லைன் போய்விடும். பிறகு இரண்டு பேரும் அந்த டெலிபோனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதலாளி தகரம் எடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில், ஒரு கம்பனி வாசலில் சுவிட்ச்போட் ஒன்றைக் கண்டார். அதன் முன்னால் ஒரு பெண் இருந்தார். அவர் ஒரு வயரைச் செருகியதும் மேல்மாடியில் இருந்த மனேஜர் பேசினார். முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. ஏதோ ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட பழைய சுவிட்ச்போட் ஒன்றைத் தேடி வாங்கித் தகரத்தோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பெண்குரல்தான் பொருத்தம் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். ஆகவே இயந்திரம் வந்து இறங்கிய அன்றே முதலாளி ஒரு பெண்ணையும் தேடத் தொடங்கினார். சக்கரம் வாங்கியவர் டயர் தேடுவது போல, அதில் வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

நான் அப்போது ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, ஆசிரியர் நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்தேன். வாப்பா வேளாண்மைக்காரர். போகம் போகமாக நெல்லை அந்த மில்லுக்குத்தான் கொடுப்பார். நெல் கொண்டுபோன ஒருநாள் முதலாளி அவரிடம் கேட்டிருக்கிறார்.

"உங்கட மகளுக்கு இங்கிலீஸ் வரும் எண்டாங்க?"

"வாசிப்பா," என்றார் வாப்பா. "கதைச்சி நான் கேட்டல்ல."

"கதைக்கத் தேவல்ல. ஹலோ எண்டு செல்லத் தெரிஞ்சா காணும். மத்ததத் தமிழ்ல செல்லலாம்."

வாப்பா வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னார். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்: "கொமர்ப்புள்ள கடையில போய் இரிந்தா ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் கதைக்கிறதுக்கும் இவதான் லைன் குடுக்கணும்," என்றார் வாப்பா.

உம்மா அந்த மீனை வெட்டி முடித்த பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். தனி அறை வேண்டும். கதவு ஒழுங்கைப் பக்கமாக இருக்க வேண்டும். கடைக்கு வருகிறவன் எவனும் பிள்ளையைப் பார்க்கக்கூடாது. முதலாளி எல்லாவற்றுக்கும் சம்மதித்துக் கடையின் ஒரு மூலையைப் பலகை அடித்து மறைத்தார். ஒருபக்கம் அவருடைய மேசை, மறுபக்கம் தம்பியின் மேசை, நடுவில் நானும் சுவிட்ச்போட்டும். காற்று வருவதற்காகப் பலகையைக் கூரைவரை கொண்டுபோகாமல் விட்டிருந்தார்கள். ஆகவே என்னை யாரும் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

பொருத்துவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மாத்தயா வந்தார். நிதானமான மனிதர். வெளியிலிருந்து கோல் வந்தால் பலகையில் ஒரு சின்ன மூடி டக்கென்று விழும். வயரை அதன் கீழுள்ள துளையில் செருகி யார் என்று கேட்க வேண்டும். அந்த வயரின் சோடியை, கோல் யாருக்கோ அவருடைய துளையில் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் அவருடைய மேசையில் மணியடிக்கும். கதைத்து முடிந்ததும் இரண்டையும் கழற்ற வேண்டும். இதை அவர் எனக்குக் காட்டித் தந்துவிட்டு, "மெஷினுக்கு இவ்வளவுதான் தெரியும். யாருடைய கோல் யாருக்குப் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதை உங்கள் முதலாளியிடம் கேளுங்கள்" என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். நானும் அரைகுறை இங்கிலீஷில் விளங்கிக்கொண்டேன். அவர் புரியாணி சாப்பிட்டு பஸ் ஏறினார்.

நான் பலகைக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு கேட்டேன்.

"முதலாளி, எந்தக் கோல ஆருக்குக் குடுக்கிற?"

"எனக்கு வாறத எனக்குக் குடு. தம்பிக்கு வாறதத் தம்பிக்குக் குடு."

"ஆரு வேணும் எண்டு அவங்க செல்லாட்டி?"

முதலாளி பேனாவால் மேசையைத் தட்டுவது கேட்டது. பிறகு சொன்னார்: "கொழும்பு எண்டா எனக்கு."

இது முதலாவது சட்டம். இதைக் கேட்ட தம்பி, அதாவது சின்ன முதலாளி, மறுபக்கப் பலகையிலிருந்து இரண்டாவது சட்டத்தைப் போட்டார். நெல்லுக்காரர் எல்லோரும் அவருக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோலும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. வங்கியிலிருந்து வந்தால் முதலாளி இல்லை, தம்பிக்குக் கொடு. முதலாளியின் பெண்சாதி எடுத்தால் உடனே கொடு. மச்சினன் எடுத்தால் மில்லில் நிற்கிறார் என்று சொல். மில்லுக்கே எடுத்தால் கடையில் நிற்கிறார் என்று சொல். காலையில் பிளேன்டீ குடிக்கும்வரை உரக் கம்பனிக்காரனைக் கொடுக்காதே. மதியம் ளுஹர் தொழுகை நேரத்தில் யாரையும் கொடுக்காதே.

சட்டங்கள் தனித்தனியாக நல்ல சட்டங்கள். ஒன்றோடொன்று சந்திக்கும்போதுதான் சிக்கல். கொழும்பு வங்கி எடுத்தால் யாருக்கு? கொழும்புக்குப் போயிருக்கிற மச்சினன் அங்கிருந்து எடுத்தால்? நான் கேட்டேன். முதலாளி யோசித்து, முதலில் போட்ட சட்டமே பெரிய சட்டம் என்றார். அதன்படி மச்சினன் கொழும்பிலிருந்து எடுத்தபோது நான் கொடுத்துவிட்டேன். முதலாளி கதைத்து முடித்துவிட்டு, ரிசீவரைப் படாரென்று வைத்தார். சட்டத்தை மாற்றவில்லை. மச்சினன் கொழும்புக்குப் போகிற நாட்களில் அவரே கடையில் இருக்காமல் பார்த்துக்கொண்டார்.

எந்தச் சட்டத்திலும் அடங்காத கோல் கணக்கப்பிள்ளைக்குப் போக வேண்டும் என்பது சின்ன முதலாளி போட்ட சட்டம். அவர் வயதானவர். காது மந்தம். விற்பனைக்காரர்கள், நன்கொடை கேட்பவர்கள், பிழையான நம்பருக்கு எடுத்தவர்கள் எல்லோரும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "எந்த ஊரு?" என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள். மறுபடியும் கேட்பார். பெரும்பாலும் அவர்களாகவே வைத்துவிடுவார்கள். சின்ன முதலாளி இதை வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கப்பிள்ளைக்குக் காது வைத்தியம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னபோது அவர் அவசரப்படவில்லை.

வெளியிலிருந்து வரும் கோல் எதுவும் நேராக எங்களிடம் வராது. தபால் கந்தோர் எக்ஸ்சேஞ்சில் ஒருவர் இருந்து இணைக்க வேண்டும். பகலில் பெரும்பாலும் அங்கே இருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஓர் அக்கா. அவருடைய குரல்தான் எனக்குத் தெரியும். பாண்டிருப்பு எங்கள் கடையிலிருந்து சைக்கிளில் போனால் வியர்க்காத தூரம். ஆனால் அவர் வேலைக்குப் போகிற நேரம் நான் பலகைக்குள் இருப்பேன். நான் வீட்டுக்குப் போகிற நேரம் அவர் எக்ஸ்சேஞ்சுக்குள் இருப்பார்.

"தங்கச்சி, கொழும்பு நிக்குது," என்பார். "நல்ல கோபமா நிக்குது. முதலாளி சாப்பிட்டிட்டாரா?"

"இன்னும் இல்ல அக்கா."

"அப்ப லைன் கிடைக்கல்ல எண்டு சொல்லட்டா?"

எங்கள் சட்டங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. சிலவற்றை அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே, அங்கேயே நிறைவேற்றிவிடுவார். மச்சினன் ஊருக்குள்ளிருந்து எடுத்தால் பல நாட்களில் எனக்கு மூடியே விழாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடை பூட்டியிருக்கும். ஊரில் பாதி டெலிபோன்கள் சும்மா கிடக்கும். அப்போதுதான் நாங்கள் ஆறுதலாகக் கதைப்போம். அவருடைய அம்மாவின் முழங்கால் எந்த மாதத்தில் நோகும் என்று எனக்குத் தெரியும். கோயில் தீமிதிப்புக்கு லீவு எடுப்பதற்கு அவர் யாரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்றும் தெரியும். எனக்கு வந்த மாப்பிள்ளைப் பேச்சுகள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னதும், "அந்தாள் வெளியூருக்கு ட்ரங்கோல் கேட்டுப்போட்டு எக்ஸ்சேஞ்சுக்கு ஏசுற ஆள். வேணாம் தங்கச்சி" என்றார். நான் உம்மாவிடம் மாப்பிள்ளைக்குப் பொறுமை குறைவாம் என்றேன். உம்மா எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அந்த வேலைக்குப் போன பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

அடுத்து வந்த பேச்சு ஒரு வாத்தியார். அவர் வாழ்க்கையில் டெலிபோனே எடுத்ததில்லை. அக்காவுக்கு ஆட்சேபனை இல்லை. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே குடிவந்தார். அதனால் கடைக்கு நடக்கிற தூரம் மாறவில்லை, பிறகு பிள்ளை பிறந்தபோதும் மாறவில்லை.

பிரச்சினை முதலாவது சட்டத்தால் வந்தது.

உழவு மெஷின் கொண்டுவருகிற ஒரு கொழும்புக் கம்பனி எங்கள் பகுதிக்கு ஏஜென்சி கொடுக்க ஆள் தேடியது. சின்ன முதலாளி எழுதிப் போட்டு, கொழும்புக்கு இரண்டு முறை போய்வந்து, பதிலுக்குக் காத்திருந்தார். ஒருநாள் அந்தக் கம்பனிக்காரர் கோல் எடுத்துச் சின்ன முதலாளியைக் கேட்டார். கொழும்பு என்றால் முதலாளிக்கு. ஆனால் கேட்டது தம்பியை. நான் பலகைக்கு மேலால் கேட்டேன்.

"முதலாளி, கொழும்பு. சின்ன முதலாளியக் கேக்காங்க."

"கொழும்புதானே. இஞ்ச தா."

சட்டப்படி கொடுத்தேன். அவர் "ஓம், ஓம், செல்றன்" என்று கதைத்து வைத்தார். அன்று அவருடைய மூத்த மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். ரிசீவரை வைத்த கையோடு ஆட்டிறைச்சி வாங்க எழுந்து போனார். கம்பனிக்காரர் சொன்னது, தம்பி அடுத்த கிழமைக்குள் கொழும்புக்கு வர வேண்டும் என்று. அந்தச் செய்தி ஆட்டிறைச்சியோடு போய்விட்டது.

சின்ன முதலாளிக்கு விஷயம் தெரிந்தது மெயின் வீதியில்தான். புத்தம் புதிய சிவப்பு உழவு மெஷின் ஒன்று கடைக்கு முன்னால் போனது. அதன் பக்கவாட்டில் வேறோர் ஊர்க் கடையின் பெயர் எழுதியிருந்தது. அவர் வாசலில் நின்று அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். பிறகு உள்ளே வந்து கொழும்புக்கு ட்ரங்கோல் கேட்டார். கம்பனிக்காரர், நாங்கள் உங்கள் அண்ணனிடம் சொன்னோமே என்றார்.

அண்ணனை 'நானா' என்றுதான் சின்ன முதலாளி கூப்பிடுவார்; அவருடைய மேசைக்குப் போய்க் கேட்டது ஒரே கேள்விதான். "நானா, வேணுமெண்டா செஞ்ச?"

மறந்துவிட்டேன் என்று முதலாளி சொல்லியிருக்கலாம். மறந்ததைக் கடைப் பொடியன்களுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள அவருக்கு வரவில்லை. "சின்னக் கடைக்கு மெஷின் ஏஜென்சி என்னத்துக்கு?" என்றார். அதோடு இருவருக்கும் கதை நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றது.

ஒரே கடை, ஒரே மில், ஒரே லாச்சி. நடுவில் நான் இருந்த பலகை அறை. அடுத்த நாள் காலை முதலாளி புதிய சட்டம் போட்டார்: அவருடைய ஒன்றாம் நம்பர் மேசையையும் தம்பியின் இரண்டாம் நம்பர் மேசையையும் எக்காரணம் கொண்டும் இணைக்கக்கூடாது. சற்று நேரத்தில் சின்ன முதலாளி மணியடித்து அதே சட்டத்தைப் போட்டார். ஏற்கனவே போட்டாயிற்று என்று நான் சொல்லவில்லை.

ஆனால் வியாபாரம் நடக்க வேண்டுமே. ஆகவே இணைக்காமல் இருவருக்கும் நடுவில் நான் கதைத்தேன்.

"அந்த விசரனுக்குச் செல்லு, உர லொறி வந்திட்டு எண்டு."

நான் வயரை மாற்றிச் செருகிச் சொல்வேன்: "சின்ன முதலாளி, உர லொறி வந்திட்டாம்."

"எப்பிடிச் சென்னாரு?"

"லொறி வந்திட்டு எண்டு சென்னாரு."

"என்னைய என்ன சென்னாரு எண்டு கேக்கன்."

"லொறியப் பத்தித்தான் கதைச்சாரு."

"செல்லு, ஏத்தியிறக்கிற கூலிக்காரன் நானில்ல எண்டு."

"முதலாளி, சின்ன முதலாளி இப்ப வேலையா இரிக்காராம்."

பலகைக்கு மேலே இடைவெளி இருந்தது என்று சொன்னேன். அவர் சொன்னது இவருக்கும், இவர் சொன்னது அவருக்கும் நேராகவே கேட்கும். இருந்தாலும் நான் சொல்லும்வரை இருவரும் காத்திருந்தார்கள். நான் சொன்னதைத்தான் கேட்டதாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது என் மாப்பிள்ளை சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. "அவங்கட வாப்பா இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் அடிச்சிரிப்பாரு," என்றார்.

அதற்குள் நாடு கெட்டுப்போயிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் கரையோரத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி இருப்பது, அதுவரை யாரும் கவனிக்காத விஷயம், எல்லோரும் எண்ணிப் பார்க்கிற விஷயமாயிற்று. எந்த ஊரைத் தாண்டி எந்த ஊருக்குப் போகலாம் என்று காலையில் விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

அறுவடைக் காலத்தில் ஒருநாள், ரோட்டு நல்லது என்று கேட்டுக்கொண்டு, சின்ன முதலாளி லொறியோடு திருக்கோவில் பக்கம் நெல் ஏற்றப் போனார். காலையில் நல்லதாக இருந்த ரோட்டு, வெயில் ஏறும்போது நல்லதாக இருக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் மரம் தறித்துப் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கதை. மெயின் வீதிக் கடைகள் எல்லாம் கதவைப் போட்டன. எங்கள் கடையும் போட்டது. வாப்பா என்னைக் கூட்டிப்போகச் சைக்கிளில் வந்தார்.

பலகையில் மூடி மூடியாக விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் தங்கள் ஆட்களைத் தேடினார்கள். நான் எழும்பவில்லை. வாப்பா உர மூட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி என் அறைக்குள் வந்தார். சுவிட்ச்போட் வைத்த நாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை.

"தம்பி கோல் எடுத்தானா?"

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு நாளாகியிருந்தது. இல்லை என்றேன். அவர் போகவில்லை. நான் எக்ஸ்சேஞ்சுக்கு மணியடித்தேன்.

"அக்கா, எங்கட சின்ன முதலாளி திருக்கோவில் பக்கம் போனவரு. லொறியோட."

"திருக்கோவில் லைன் இன்னும் இருக்கு," என்றார் அக்கா. "கேட்டுப் பாக்கிறன். வைக்காதைங்க."

அக்காவுக்கு அடுத்த முறைக்கு வரவேண்டியவர் அன்று வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போக வழியுமில்லை. பாண்டிருப்பில் என்ன நிலைமை என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் என்ன நிலைமை என்று அவரும் கேட்கவில்லை. வழியிலுள்ள தபால் கந்தோர் ஒவ்வொன்றுக்கும் அவர் மணியடித்து, பச்சை லொறி ஒன்றைக் கண்டீர்களா என்று கேட்பது எனக்குக் கேட்டது. தமிழ் ஊர்த் தபால் கந்தோர்க்காரரும் முஸ்லிம் ஊர்த் தபால் கந்தோர்க்காரரும் ஒரே மாதிரித்தான் பதில் சொன்னார்கள். காணவில்லை, கண்டால் சொல்கிறோம்.

கடைசியாக அக்கா வந்தார். "தங்கச்சி, லொறி திருக்கோவில் தபால் கந்தோர் வாசல்லதான் நிக்குதாம். ஆளும் நல்லா இருக்கிறாராம். தாறன், கதைங்க."

இரைச்சலுக்குள் சின்ன முதலாளியின் குரல் வந்தது. "புள்ள, கணக்கப்பிள்ளைக்குக் குடு."

அவருக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரிந்திருக்காது. நான் கொடுத்தேன். பலகைக்கு அப்பால் கணக்கப்பிள்ளையின் குரல் பலமாகக் கேட்டது. "ஆரு? எந்த ஊரு? திருக்கோவிலா? இப்ப நெல்லு எடுக்கல்ல தம்பி. ரோட்டு சரியில்ல." வைத்துவிட்டார்.

நல்லவேளை, அக்கா லைனை விடாமல் பிடித்து வைத்திருந்தார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"சின்ன முதலாளி லைன்ல நிக்காரு. ஆருக்குக் குடுக்கிற?"

முதலாளி சுவிட்ச்போட்டைப் பார்த்தார். "சட்டத்தில என்ன இரிக்கி?"

"ஒண்டாம் நம்பரையும் ரெண்டாம் நம்பரையும் இணைக்கப்படாது எண்டு இரிக்கி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவன் இப்ப ரெண்டாம் நம்பர்ல இல்லயே," என்றார். "திருக்கோவில்லதானே நிக்கான்."

நான் காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைத் தொப்பிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். அதனால் அவர் பக்கத்துப் பேச்சுத்தான் எனக்கும் வாப்பாவுக்கும் கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றார் முதலாளி. "என்னத்த? ... ஆரு தந்த? ... போஸ்ட் மாஸ்டர்ட வீட்டயா? ... மீனுக்கு முள்ளுப் பாத்துத் தின்னு. ... ரைவர் எங்க? அவனும் திண்டானா? ... ரோட்டால வராத. நான் செல்லுமட்டும் வராத. ... அந்த மெஷின் கதைய இப்ப எடுக்காதடா. கோல் காசு ஏறுது." பிறகு கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கோல் காசு ஏறிக்கொண்டிருந்தது. "ஓம்," என்றார். "ஓம் தம்பி." கருவியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வெளியே போய், கணக்கப்பிள்ளையிடம், "ஆரு கோல் எடுத்த எண்டு விளங்கினதா?" என்று கேட்டார். "நெல்லுக்காரன் ஒருத்தன்," என்றார் கணக்கப்பிள்ளை.

மறுபாதியை அக்காதான் சொன்னார். "உங்கட சின்ன முதலாளி அழுதவர் தங்கச்சி. பெரியவருக்கு விளங்கினதோ தெரியாது. லைன் இரையுது எண்டு நினைச்சிருப்பார்."

நான் அதை முதலாளியிடம் சொல்லவில்லை. செய்திகளைச் சுருக்கிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

ரோட்டு உடனே திறக்கவில்லை. சின்ன முதலாளி கடலால் வந்தார். போஸ்ட் மாஸ்டர் அந்த ஊர் மீன்காரரிடம் சொல்லி வள்ளம் ஒழுங்கு செய்திருந்தார். விடியற்காலையில் கரைக்கு எதிரே வந்து நிற்பார்கள் என்று அக்கா மூலம் செய்தி வந்தது. முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். துணைக்கு வாப்பாவும் போனதால், நடந்தது எனக்குத் தெரியும். வள்ளத்திலிருந்து சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்ன முதலாளி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். கட்டிப்பிடிப்பார்கள் என்று வாப்பா எதிர்பார்த்தாராம்.

"லொறி எங்க?" என்றார் முதலாளி.

"போஸ்ட் மாஸ்டர்ட வளவுக்குள்ள. ரைவரும் அங்கதான்."

"டயர் நாலும் இரிக்கா?"

"இரிக்கி."

முதலாளி குடையைத் தம்பியின் தலைக்கு மேலே பிடித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வள்ளக்காரர் இரண்டு பேரையும் அண்ணனும் தம்பியும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுக்கப் பார்த்தார்கள். அவர்கள் வெளிச்சம் வருமுன் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். ஒரு மூட்டை அரிசியையும் கொஞ்சம் சீனியையும் வள்ளத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

அதன்பிறகு அண்ணனும் தம்பியும் கதைத்தார்கள். ஆனால் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள்வரை இணைத்ததில்லை. கதைக்க வேண்டியிருந்தால் எழும்பி, பலகையைச் சுற்றிப் போய்க் கதைத்தார்கள். கோபம் வந்தால் மட்டும் எனக்கு மணியடித்து, "அந்த ஆளுக்குச் செல்லு" என்பார்கள்.

ஊரடங்குகள் கொஞ்சம் தளர்ந்த ஒருநாள் காலை, கடையில் ஒரு பெண் கூரைத் தகரம் கேட்பது பலகைக்கு மேலால் கேட்டது. எத்தனை அடித் தகரம் என்று பொடியன் கேட்க, அவர் பதில் சொன்னார். நான் வயரைக் கையில் பிடித்தபடி இருந்தேன். அத்தனை வருஷத்தில் நான் கடைப்பக்கம் போனதில்லை. அன்று முக்காட்டைச் சரி செய்துகொண்டு போனேன்.

மெலிந்த, உயரமான பெண். காதோரம் நரை. நான் முன்னால் போய் நின்றதும் யாரோ கடை வீட்டுக்காரி என்று நினைத்து ஒதுங்கினார்.

"அக்கா," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடவுளே. தங்கச்சியா?" பிறகு சொன்னார்: "கொஞ்சம் குண்டா இருப்பீங்க எண்டு நினைச்சன்."

யார் என்று நான் சொன்னதும் முதலாளி எழுந்து நின்றார். அவர் மாவட்ட அரசாங்க அதிபருக்குத்தான் எழுந்து நிற்பார். தகரத்தை இறக்கிப் பார்த்து, துருப் பிடிக்காததாக அவரே தெரிவு செய்தார். சின்ன முதலாளி தன் மேசையிலிருந்து வந்து, லொறியில் கொண்டுபோய் இறக்கித் தரச் சொன்னார். பழைய கூரைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் தகரம் வாங்க வந்தவர்களிடம் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

அக்காவை என் அறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் சுவிட்ச்போட்டைப் பார்த்து, "இவ்வளவு சின்னதா?" என்றார். பிளேன்டீ வந்தது. குடித்தோம். அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். பிள்ளை எப்படி என்று அவர் கேட்டார். நல்லம் என்றேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் கதை வரவில்லை. முகத்தை வைத்துக்கொண்டு கதைக்க எங்களுக்குப் பழக்கமில்லை. அவர் என் கையைப் பார்த்தார், நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன். மூடி ஒன்று விழுந்தது. நான் வயரைச் செருகினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகிறேன் என்று கைகாட்டி எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை முதல் கோல் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது.

"தங்கச்சி," என்றார் அக்கா, "நேத்து உங்கட கடைக்கு வந்தனானெல்லோ."

"ஓம் அக்கா. செல்லுங்க," என்றேன்.

தகரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, அம்மா அதைத் தட்டிப் பார்த்தது, சின்ன முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது, என்னைக் கண்டதும் தனக்குக் கதையெல்லாம் மறந்துபோனது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னேன். ளுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை கதைத்தோம். அந்த நேரம் யார் யார் கோல் எடுத்தார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.